பந்து போட்டவருக்கு மட்டுமா பாராட்டு?

குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்திருந்தவர்களுக்கு அந்த இடம் எப்படியென்று தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று கடலை ஊடறுத்துப் போடப்பட்ட பாதைகளைத் தாண்டி வந்தால், தரை முடிகிற இடம் அதுதான். நயினாதீவு கண்ணெதிரே தெரியும். நெடுந்தீவுக்குப் போக ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல் பயணம்.

சென்ற ஆண்டு புரட்டாதிக் கடைசியில் ஒரு காலை நான் அங்கே நின்றேன். கையில் ஒரு பை தகர ஆணி. பக்கத்தில் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு முகட்டுத் தகரம். எங்கள் கடையில் சாமான் வாங்கும் நெடுந்தீவு வியாபாரி ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போய்க்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். அந்த வியாபாரி தனது வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டுக் கூரைக்காகத் தகரம் கேட்டு எமக்குத் தொலைபேசியில் ஓடர் கொடுத்தார். தகரம் பட்டாவில் ஏறி, குறிகட்டுவானில் படகு ஏறி, ஒழுங்காக நெடுந்தீவு போய்ச் சேர்ந்தது. முகட்டுத் தகரமும் ஆணியும் போகவில்லை. பழைய கூரையைக் கழற்றிவிட்டு இரண்டு மேசன்மார் இரண்டு நாள் சும்மா இருந்தார்கள். ஐப்பசி மழை வாசலில் நிற்கிறது. திறந்த வீட்டுக்குள் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வியாபாரி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. "உங்களை நம்பித்தான் அந்த வீட்டுக்காரருக்கு நாள் சொன்னனான்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

கடையில் விசாரித்தேன். கவுண்டரில் நிற்கும் தம்பி கெட்டிக்காரன். எங்கள் விற்பனையில் பெரும்பகுதி அவன் வாயால் வருவது. "போனில சொன்னதை எழுத மறந்திட்டன் முதலாளி. ஆனா ஏத்துற ஆள் பார்த்திருக்கலாம்தானே?" என்றான்.

ஸ்டோரில் இருக்கும் நானா எங்களோடு பழகியவர். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்த காலத்திலேயே என்னோடு சேர்ந்தவர். மீண்டும் யாழ்ப்பாணம் வந்து கடையைத் திறந்தபோது என் கூடவே வந்தார். அவரிடம் கேட்டேன். "பில்லில இல்லாத சாமானை நான் என்னெண்டு ஏத்துறது முதலாளி?" என்றார்.

"தகரம் போனால் முகட்டுத் தகரமும் போக வேணுமெண்டு உங்களுக்குத் தெரியாதா நானா?"

"தெரியும். கேட்டால், 'உங்கட வேலையைப் பாருங்கோ நானா' எண்டுதான் அவன் சொல்லுவான். அதுதான் என்ர வேலையைப் பார்த்தன்."

அதோடு நிற்கவில்லை. இந்த மாதத்தோடு தன் கணக்கை முடித்துத் தரும்படியும் கேட்டார்.

வியாபாரச் சகோதரர்களே, இதில் திருட்டு இல்லை, சோம்பல் இல்லை, அறியாமையும் இல்லை. இரண்டு பேருமே தம் தொழில் தெரிந்தவர்கள். ஆனால் இருவருக்கும் நடுவில் ஒன்று இல்லாமல் போயிருந்தது. சீமெந்து, மணல், கல் மூன்றும் முதல்தரமாக இருந்தாலும் தண்ணீர் இல்லாமல் கொங்கிறீட் ஆகாது. அந்தத் தண்ணீருக்கு ஒத்ததுதான் என் கடையில் வற்றியிருந்தது. அதை ஊற்ற வேண்டியவன் முதலாளியாகிய நான் என்பது அந்த இறங்குதுறையில்தான் எனக்குப் புரிந்தது.

துறையில் கிடைத்த பாடம்

நயினாதீவிலிருந்து ஒரு படகு துறைக்கு வந்தது. பின்னால் ஒருவர் சுக்கான் பிடிக்கிறார். முன்னால் ஒரு பெடியன் கயிற்றோடு நிற்கிறான். படகு சுவரை நெருங்கும் நேரத்தில் இயந்திரத்தின் சத்தம் அடங்கியது. அதே கணத்தில் பெடியன் தாவினான், கயிறு கட்டைக்குள் விழுந்தது. ஒருவரை ஒருவர் கூப்பிடவில்லை. ஒரு நொடி முந்தித் தாவியிருந்தால் பெடியன் கடலுக்குள், ஒரு நொடி பிந்தியிருந்தால் படகு சுவரில்.

என் பக்கத்தில் நின்றவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். உறவினர் வீட்டுக்கு நெடுந்தீவு போகிறார். தீவகப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்கியவராம். "தம்பி, அந்தப் பெடியன் பாயேக்க ஓட்டுறவர் அவனைத் திரும்பிப் பார்த்தவரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பார்க்கத் தேவையில்லை. அவன் எப்ப பாய்வான் எண்டு அவருக்குத் தெரியும். அவர் எப்ப எஞ்சினைக் குறைப்பார் எண்டு அவனுக்குத் தெரியும். இதைத்தான் நான் முப்பது வருசமா பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் பாடுபட்டனான்."

படகு வரும்வரை அவர் வலைப்பந்தாட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். விளையாட்டு தெரியாத எனக்கு அது வியாபாரப் பாடமாகவே கேட்டது. ஓர் அணியில் ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் மைதானத்தில் போகக்கூடிய எல்லை உண்டு. கோல் போடலாம் என்ற உரிமை இருவருக்கு மட்டும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்தால் மூன்று செக்கனுக்குள் இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும் அல்லது கோலுக்கு எறிய வேண்டும். ஆகவே எவ்வளவு உயரமான கெட்டிக்காரியாக இருந்தாலும், மற்றவர்கள் பந்தைக் கொண்டுவந்து கையில் தராவிட்டால் கோலுக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"எங்கட அணியில ஒரு நெடுத்த பிள்ளை இருந்தவ. கோல் விழுந்தால் எல்லாரும் அவவுக்குத்தான் கை தட்டுவினம். நாள் போகப்போக மற்றப் பிள்ளையளுக்கு முகம் சுருங்கத் தொடங்கிட்டுது. பிறகு நான் ஒண்டு செய்தனான். கோல் விழுந்த உடனே, 'பந்து தந்தது ஆர்?' எண்டு சத்தமாக் கேட்பன். கோல் போட்ட பிள்ளைதான் பந்து தந்த பிள்ளையைக் கையால காட்ட வேணும். அவ்வளவுதான்."

அவர் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. என் கடையில் கோல் போடுகிறவனுக்கு நான் கொமிஷன் கொடுக்கிறேன். பந்து தருகிறவருக்கு என்ன கொடுக்கிறேன்?

உயரம் மட்டும் போதாது

நம் நாட்டு வலைப்பந்தாட்டத்தைப் பேசும்போது தர்ஜினி சிவலிங்கத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன் பகுதியிலிருந்து வந்த வீராங்கனை. உயரம் 208 சென்ரிமீற்றர், அதாவது ஆறு அடி பத்து அங்குலம் அளவில். சிங்களம் பேசும் தோழியரே பெரும்பாலும் இருந்த தேசிய அணியில் விளையாடி, 2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் இருந்தார். அதன்பின் ஒன்பது ஆண்டு இடைவெளி. 2018 செப்டெம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியில் திலகா ஜினதாசவின் பயிற்சியின் கீழ் ஒரு போட்டியிலும் தோற்காமல் இறுதிக்கு வந்த இலங்கை அணி, சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றது.

அடுத்த ஆண்டு, 2019இல், இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கிண்ணம். அந்தப் போட்டித்தொடர் முழுவதிலும் அதிக கோல் போட்டவர் எங்கள் தர்ஜினிதான். 348 கோல்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து என்று எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிகம். ஆனால் பதினாறு அணிகளில் இலங்கைக்குக் கிடைத்த இடம் 15.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசியாவில் அதே உயரம், அதே கை, கிண்ணம் வந்தது. உலக மேடையில் எதிரணிகள் எல்லா இடத்திலும் பலமாக இருந்தபோது, உலகின் முதல் கோல்காரி எங்களிடம் இருந்தும் கடைசிக்கு முந்திய இடம். பந்து கொண்டுவருகிறவர்களும் பந்தைத் தடுக்கிறவர்களும் மற்ற அணிகளுக்கு நிகராக இல்லாவிட்டால், ஒரு தனி ஆளின் திறமை கணக்குப் புத்தகத்தில் பெரிதாகத் தெரியும். கல்லாவில் தெரியாது. நம்மில் எத்தனை கடைகள் லிவர்பூலில் விளையாடிய இலங்கை அணியைப் போல் இருக்கின்றன?

கரீமின் ஆசிரியர்

ஊருக்குத் திரும்பியதும் இந்த விடயத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். பந்து விளையாட்டில் ஆட்களை ஒட்டவைக்கும் கலையைப் பேசுகிற எவரும் கடைசியில் ஒரு பெயரில்தான் வந்து நிற்கிறார்கள். ஜோன் வுடன். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர். 1910இல் பிறந்து 2010இல் தனது 99ஆவது வயதில் காலமானார். 1964 முதல் 1975 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை அவரது அணி அமெரிக்கக் கல்லூரிகளின் சம்பியனாகியது. அதில் ஏழு முறை தொடர்ச்சியாக. ஒரு கட்டத்தில் 88 போட்டிகளில் தொடர்ந்து வென்றார்கள்.

முஹம்மத் அலியை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. ஆனால் அதே காலத்தின் இன்னொரு முஸ்லிம் வீரரான கரீம் அப்துல் ஜப்பாரை அறிந்தவர்கள் நம்மில் குறைவு. ஏழு அடி இரண்டு அங்குல உயரம். வுடனிடம் வந்தபோது அவர் பெயர் லூ அல்சிண்டர். படிக்கும் காலத்திலேயே 1968இல் இஸ்லாத்தைத் தழுவி, 1971 முதல் புதிய பெயரால் உலகம் அறியும்படி ஆனார். தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் அவர் சேர்த்த 38,387 புள்ளிகள் என்ற சாதனையை 2023 பெப்ரவரி வரை யாரும் தாண்டவில்லை.

இப்படிப்பட்ட ஒருவர் கடைக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? எல்லாவற்றையும் அவர் தோளில் போட்டுவிட்டு, மற்றவர்களிடம் "அவனைப் பார்த்துப் படியுங்கோ" என்போம். வுடன் அப்படிச் செய்யவில்லை. உன்னைக் கல்லூரி வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவனாக்கும் விதமாக இந்த அணியை என்னால் அமைக்க முடியும், ஆனால் அப்போது நாம் சம்பியனாக மாட்டோம் என்று அவரிடம் நேரில் பேசியதாக வுடன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படி ஒன்று தனக்கு வேண்டாம் என்று அந்த இளைஞரும் ஏற்றுக்கொண்டார். அவர் ஆடிய மூன்று ஆண்டுகளில் 88 வெற்றி, 2 தோல்வி. மூன்று ஆண்டும் கிண்ணம்.

வுடனின் வழிமுறைகளில் வியாபாரிகளாகிய நமக்குப் பயன்படுபவை என்று எனக்குத் தோன்றிய நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, அடிப்படை. ஒவ்வோர் ஆண்டும் பயிற்சியின் முதல் நாள் அவர் கற்பித்தது சப்பாத்துப் போடுவது. காலுறையில் மடிப்பு இல்லாமல் இழுத்து, சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டுவது. சம்பியன்களுக்கே இதைச் சொல்லிக்கொடுத்தார். மடிப்பு இருந்தால் கால் கொப்பளிக்கும், கொப்பளித்தால் ஓட முடியாது, ஒருவர் ஓட முடியாவிட்டால் மற்ற நால்வரும் கெடுவார்கள். நம் கடையில் பில் எழுதுவது இப்படிப்பட்ட காலுறை. பெரிய திட்டங்களெல்லாம் போடும் நாம், ஓடரை எப்படி எழுத வேண்டும் என்று எத்தனை பேருக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

இரண்டாவது, பந்து தந்தவருக்கு நன்றி. புள்ளி எடுத்தவர், தனக்குப் பந்து கொடுத்தவரைப் பார்த்து ஒரு தலையசைப்போ கையசைப்போ செய்ய வேண்டும் என்பது அவர் விதி. அவர் பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வீரர் கேட்டாராம். கட்டாயம் பார்ப்பார் என்று வுடன் பதில் சொன்னாராம். மனித மனத்தை அறிந்தவரின் பதில். பாராட்டு வருமா என்று பந்து தந்தவர் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். ஸ்டோரில் வியர்வையோடு நிற்கிறவரும் அப்படித்தான். குறிகட்டுவான் ஆசிரியர் இவரைப் படித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, திருத்தும் முறை. 1974-75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் வுடனின் பயிற்சியில் உட்கார்ந்து, அவர் வாயால் வருவதையெல்லாம் எண்ணிக் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற நேரடி விளக்கம். வெறும் பாராட்டு ஏறத்தாழ 7 வீதம். வெறும் கண்டிப்பும் ஏறத்தாழ அதேயளவு. நம் கடைகளில் ஒரு நாள் யாராவது இப்படி எண்ணினால் கணக்கு எப்படி வரும்? "உனக்கு எத்தனை தரம் சொல்றது?" என்பதே பாதியாக இருக்கும். அதில் ஏச்சு உண்டு, எப்படிச் செய்வது என்ற செய்தி இல்லை. ஏச்சு ஊழியர்களைப் பிரிக்கும். ஒருவன் ஏச்சு வாங்கும்போது, தான் தப்பினேன் என்று மற்றவன் சந்தோஷப்படத் தொடங்குவான்.

நான்காவது, எல்லோருக்கும் ஒரே மரியாதை. வுடன் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வருமுன் இந்தியானா மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரியில் பயிற்றுவித்தார். 1947இல் அவரது அணிக்குத் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. ஆனால் கறுப்பின வீரர்கள் அதில் ஆட முடியாது. அணியில் கிளாரன்ஸ் வோக்கர் என்ற ஒரேயொரு கறுப்பின இளைஞர் இருந்தார். முதல் வரிசை ஆட்டக்காரர் அல்ல. அவரை விட்டுவிட்டுப் போயிருந்தால் பெரிதாகக் கேட்பாரில்லை. வுடன் அழைப்பையே மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு அந்தத் தடை நீக்கப்பட்டு, வோக்கரோடு சேர்ந்தே அணி போனது, இறுதிப் போட்டி வரை வந்தது. ஊரிலிருந்து ஒதுக்கப்பட்டால் எப்படியிருக்கும் என்பது வடக்கு முஸ்லிம்களாகிய எங்களுக்குத் தெரியும். நமக்குத் தலைவனாக இருப்பவன் நம்மை விட்டுவிட்டுப் போக மாட்டான் என்ற நம்பிக்கை ஒருவருக்கு வந்துவிட்டால், அவர் தன் முழுப் பலத்தையும் தருவார். கடைசி வரிசையில் இருப்பவருக்கு நாம் செய்வதைப் பார்த்துத்தான் முதல் வரிசையில் இருப்பவரும் நம்மை எடைபோடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வுடன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது 1948இல். முதல் சம்பியன் பட்டம் கிடைத்தது 1964இல், தனது பதினாறாவது பருவத்தில். திறமையுள்ள ஆட்கள் அவரிடம் வந்து சேர்ந்ததும் உண்மை. ஆட்களிடையே ஒட்டு இருந்தால் திறமை தேவையில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒட்டு இல்லாவிட்டால் திறமை வீணாகும் என்பதே நான் சொல்வது.

மதீனாவில் முதல் வேலை

இதெல்லாம் அமெரிக்காவில் கண்டுபிடித்த சரக்கல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களையும் மதீனாவின் அன்ஸார்களையும் இருவர் இருவராகச் சகோதரர்களாக இணைத்து வைத்தது. ஒற்றுமையாக இருங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு விடவில்லை. இன்னாருக்கு இன்னார் என்று பெயர் சொல்லி இணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்கள். ஒருவர் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்ததும், மற்றவர் அதற்காகத் துஆ செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டதும் நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. வியாபாரிகளாகிய நாம் சந்தைக்கு வழி கேட்டதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். இருவரையும் இணைத்து வைத்த அந்த ஏற்பாட்டை மறந்துவிடுகிறோம்.

என் கடையில் செய்தது

நெடுந்தீவில் வியாபாரியைக் கண்டு, மேசன்மாரின் இரண்டு நாள் கூலியை நானே கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், வைத்துவிட்டு வந்தேன். முகடு அன்று பின்னேரமே போட்டாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், மழை வந்தது அதற்குப் பிறகுதான்.

கடைக்கு வந்து முதலில் நானாவிடம் பேசினேன். ஒரு மாதம் தாருங்கள், அதன்பின்னும் போக வேண்டுமென்றால் கணக்கை முடித்துத் தருகிறேன் என்றேன்.

பிறகு கொமிஷனை மாற்றினேன். அதுவரை விற்பவனுக்கு மட்டும் இருந்ததை, சாமான் குறையில்லாமல் வாடிக்கையாளர் கையில் போய்ச் சேர்ந்த பிறகு ஸ்டோருக்கும் லொறிக்கும் சேர்த்துப் பங்கிட்டேன். கவுண்டர் தம்பி முகம் கறுத்தது. அவனைத் தனியே கூப்பிட்டு, "உன்ர பங்கு கொஞ்சம் குறையும். ஆனா திரும்பி வாற சாமான் குறைஞ்சா கடை கூடும். கடை கூடினா உன்ர பங்கும் கூடும்" என்றேன். ஒரு கிழமை யோசித்தான். வேறு கடையில் விசாரித்ததாகவும் கேள்விப்பட்டேன். கடைசியில் நின்றுவிட்டான். இன்னும் அவன் முகம் முழுதாக மலரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்றாவதாக, கிழமையில் ஒரு நாள் அவனை ஸ்டோரிலும் நானாவைக் கவுண்டரிலும் நிறுத்தினேன். முதல் நாள் தகரம் தூக்கிய தம்பியின் கையில் கீறல். கவுண்டரில் நின்ற நானாவுக்கு ஒரே நேரத்தில் நான்கு பேர் நான்கு விலை கேட்டுத் தலை சுற்றிவிட்டது. அன்று மஃரிபுக்குப் பின் இருவரும் ஒன்றாகத் தேநீர் குடித்ததைப் பல மாதங்களுக்குப் பிறகு கண்டேன்.

நான்காவதாக, எந்த ஓடரையும் ஏற்ற முன் நானா சத்தமாக வாசிக்க வேண்டும், எழுதியவன் கேட்க வேண்டும். "இதோட இது வேண்டாமா?" என்று கேட்பது நானாவின் உரிமை. அதற்கு "உங்கட வேலையைப் பாருங்கோ" என்ற பதில் எங்கள் கடையில் இனி இல்லை.

ஐந்தாவது எனக்கு நானே போட்ட விதி. வாடிக்கையாளர் எவரும் நன்றி சொன்னால், அதை ஏற்றியது யார், கொண்டுபோனது யார் என்று அவர் முன்னிலையிலேயே சொல்வேன். தவறு நடந்தால் வாடிக்கையாளர் முன்னிலையில் எவரையும் ஏச மாட்டேன். இரண்டாவது பாதிதான் எனக்குக் கஷ்டம். பலமுறை தவறிவிட்டேன்.

இவற்றில் எதற்கும் பெரிய முதல் தேவைப்படவில்லை. குறைந்தது என் பெருமை மட்டும்தான். ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்று பல ஆண்டுகளாக நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவனுக்கு மட்டும் பரிசு வைத்து, மற்றவரை அவன் எதிரியாக்கியது நான்தான் என்பதை ஒத்துக்கொள்வதற்குத்தான் காலம் எடுத்தது. உங்கள் கடையில் இருவர் பேசாமல் இருந்தால், அவர்களின் குணத்தை ஆராய முன், நீங்கள் யாருக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

நானா கேட்ட கணக்கை இன்னும் முடிக்கவில்லை. மாதம் முடிந்தபோது அவரும் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

தையில் நெடுந்தீவு வியாபாரியிடமிருந்து மீண்டும் ஓர் ஓடர் வந்தது. பட்டா புறப்படும்போது நானா, "நானும் ஒருக்கால் துறைக்கு வாறன்" என்றார். இத்தனை ஆண்டுகளாக நெடுந்தீவுக்குச் சாமான் அனுப்பியவர், அது படகேறும் இடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். தகரத்தைப் படகில் ஒவ்வொன்றாக இறக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணினார். பிறகு தொலைபேசியை எடுத்துக் கவுண்டர் தம்பியைக் கூப்பிட்டார்.

"தம்பி, முகட்டுத் தகரம் பன்னிரண்டுதானே எழுதினனீ? பன்னிரண்டும் ஏறிட்டுது. ஆணி ரெண்டு பையும் ஏறிட்டுது. நீ அவருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடு."